பன்னிரண்டாவது ஃப்ரேம்

இரண்டு வருஷத்தில் பதினொரு பழைய சைக்கிள் ஃப்ரேம்களைத் தட்டிப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் ஒரு மனிதனுக்கு எரிச்சல் வருமா, வராதா? ஆஸ்டின் டவுன் ஆம்ப்ரோஸுக்கு வந்தது. சாதாரணமாக வரவில்லை, தலைக்கேறி வந்தது. ஊரில் உள்ளவன் எல்லாம் திருடன் என்றார். விற்கிறவன் திருடன், விளம்பரம் போடுகிறவன் திருடன், பெயின்ட் அடிக்கிறவன் எல்லாருக்கும் பெரிய திருடன். "ஆமா, நாம மட்டும்தான் யோக்கியம்" என்று மனைவி ரூபினி சமையலறையிலிருந்து சொன்னாள். அது அவர் காதில் விழவில்லை.

ஆம்ப்ரோஸுக்கு வயது ஐம்பத்தாறு. பொம்மனஹள்ளியில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷ வேலை. அதில் இருபத்தாறு வருஷம் பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்றார். கடைசி நாலு வருஷமாக, வெளியிலிருந்து வருகிற இரும்புக் குழாய்களைச் சோதித்து உள்ளே விடுகிற இன்ஸ்பெக்டர். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே அன்றிலிருந்து இன்று வரை சைக்கிள்தான். பஸ்ஸில் போனால் சில்க் போர்டு சிக்னலிலேயே ஆயுசு முடிந்துவிடும் என்பார். ஆனால் அவருடைய கறுப்பு சைக்கிள் இருபத்திரண்டு கிலோ. அதை மிதித்து மிதித்து வலது முழங்கால் தேய்ந்துபோனது. இரண்டு வருஷமாகப் பதமாகச் சொல்லிக்கொண்டிருந்த டாக்டர் போன மாதம் கறாராகச் சொல்லிவிட்டார்: கிறிஸ்துமஸுக்குள் பாதி எடையில் ஒரு வண்டி, இல்லாவிட்டால் பஸ் பாஸ்.

பாதி எடையில் வண்டியா இல்லை? கடைகளில் வரிசையாக நிற்கிறது. ஆனால் அலுமினியத்தைப் பார்த்தால் ஆம்ப்ரோஸ் முகத்தைச் சுளிப்பார், அது பாத்திரக்கடைச் சாமான். கார்பன் என்றால் இன்னும் மோசம், அது பிளாஸ்டிக்கின் ஒன்றுவிட்ட தம்பி. வண்டி என்றால் இரும்பு. அதிலும் பழைய ரேஸ் சைக்கிள்களுக்குப் போட்ட அந்த மெல்லிய இரும்புக் குழாய்.

குழாயில் இருக்கிறது விஷயம். மலிவான சைக்கிளுக்குப் பட்டையான தகட்டைச் சுருட்டி, ஓரத்தைப் பற்றவைத்து, தடியாகக் குழாய் செய்வார்கள். உள்ளே விரலை விட்டால் அந்தத் தையல் தட்டுப்படும். நல்ல குழாய்க்குத் தையல் கிடையாது. இரண்டு முனையிலும் கனம், நடுவே காகிதம் மாதிரி மெலிவு, தூக்கினால் கை தானாக மேலே போகும். பெயின்ட் அடித்துவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். இங்கிலாந்துக் குழாய் என்று ஸ்டிக்கர் இருக்குமே என்பீர்கள். ஸ்டிக்கரை எந்தத் தெருமுனைக் கடையிலும் அரை மணி நேரத்தில் அடித்துத் தருவான். அதனால் ஆம்ப்ரோஸ் கண்ணை நம்புவதில்லை. காதை நம்புவார்.

அவர் பிறந்தது தங்கச்சுரங்க ஊரான கே.ஜி.எஃப்.பில், சாம்பியன் ரீஃப் தொழிலாளர் லைன் வீடுகளில். அங்கே சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் முதலில் செய்கிற வேலை, கடப்பாரையால் தலைக்கு மேலே உள்ள பாறையைத் தட்டுவது. கணீர் என்றால் பாறை உறுதி, கீழே நின்று வேலை பார்க்கலாம். தொம் என்றால் உள்ளே விரிசல், ஓடு. சுரங்கத்தில் இருந்த அந்தப் பழக்கம் லைன் வீடுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. பானை வாங்கினாலும் தட்டு, பூசணிக்காய் வாங்கினாலும் தட்டு, வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் சுவரைத் தட்டு. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை காப்பி டம்ளரைத் தட்டிப் பார்த்தார் என்று ரூபினி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஒரு கே.ஜி.எஃப்.காரன் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டால், இன்னொரு கே.ஜி.எஃப்.காரனிடம் அதற்கு அப்பீலே கிடையாது.

தட்டுவதற்கென்றே ஆம்ப்ரோஸிடம் பழைய ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று இருந்தது, அந்தக் காலத்துத் தடியான நாணயம். ஃப்ரேமைக் கயிற்றில் தொங்கவிட்டு, மேல் குழாயின் நடுவில் ஒரு தட்டு. மெல்லிய குழாய் கணீரென்று பாட வேண்டும். பாடாவிட்டால் அதோடு சரி. பையில் வெர்னியர் அளவுகோல் இருந்தாலும் அதை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. "வெர்னியரு கம்பெனிக்கு. காது கடவுள் குடுத்தது" என்பார். அதனால்தான் பிரஸ் ஷாப்பில் இருந்தபோது கம்பெனி மாசாமாசம் கொடுத்த மஞ்சள் காதடைப்பானை அவர் ஒரு நாள்கூடப் போடவில்லை. காதை அடைத்துக்கொண்டால் மெஷின் என்ன சொல்கிறது என்று எப்படித் தெரியும்? அவ்வளவையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றில் ஆடுகிற ஜன்னல் இடுக்குகளில் செருகிவைத்தார்.

தட்டிய ஃப்ரேம்களை எல்லாம் ஒரு பாக்கெட் டைரியில் எழுதி வைத்திருந்தார். ஆள் பேர், இடம், தீர்ப்பு. தீர்ப்பு எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: மந்தம். ஃப்ரேசர் டவுன்காரர் ஒருவர், "என் தாத்தா ஓட்டின வண்டி சார், லண்டன்ல வாங்கினது" என்று கண் கலங்கச் சொன்னார். மந்தம். ஜெயநகரில் ஒரு டீச்சரம்மா தூசி துடைத்து வைத்துக் காத்திருந்தார். மந்தம். "தண்ணி பைப்ப வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்தறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார். டீச்சரம்மா கதவைச் சாத்திய வேகத்தில் ஆம்ப்ரோஸின் செருப்பு உள்ளே மாட்டிக்கொண்டது.

ஏழாவதாக எழுதியிருந்தது மட்டும் வெளி ஆள் இல்லை. ஓஸ்வால்ட். சாம்பியன் ரீஃபில் பக்கத்து வீட்டுக்காரர், ஒரே வகுப்பு, இப்போது ஆஸ்டின் டவுனில் இரண்டு தெரு தள்ளி எலக்ட்ரீஷியன். ஓஸ்வால்டின் அண்ணன் சாமுவேல் இளவயதில் சைக்கிள் ரேஸ் பைத்தியம். மூணு வருஷம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் எல்லாம் தங்கமும் டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்த காலத்தில், அவர் ஒரு நீல நிற ஃப்ரேமைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அசல் இங்கிலாந்து இரும்பு, இதற்கு விலையே மதிக்க முடியாது என்றார். வீட்டில் அழுகை, லைன் முழுக்கச் சிரிப்பு. சாகிற வரைக்கும் சாமுவேல் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை, கேட்டவர்களில் பாதிப் பேர் நம்பவுமில்லை. அவர் போன பிறகு ஓஸ்வால்ட் அந்த ஃப்ரேமைத் தன் வீட்டுக் கூடத்தில் ஆணி அடித்து மாட்டிவைத்தார்.

போன வருஷம் மழைக்காலத்தில், ஆம்ப்ரோஸின் முழங்கால் வலியைப் பார்த்துவிட்டு ஓஸ்வால்டே கூப்பிட்டார். "அண்ணன் வண்டிய எடுத்துக்கடா. எனக்கு எதுக்கு? நீ ஓட்டினா அவனுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றார். ஆம்ப்ரோஸ் ஆசையாகத்தான் போனார். தொங்கவிட்டார், நாணயத்தை எடுத்தார், தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். "டேய், தண்ணி பைப்புடா இது" என்றார். ஓஸ்வால்ட், "நல்லாப் பாத்தியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பார்த்ததுதான் என்று ஆம்ப்ரோஸ் நாணயத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஓஸ்வால்ட் அவ்வளவாக வீட்டுப் பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. கோபித்துக்கொண்டான், உண்மையைச் சொன்னால் எவனுக்குத்தான் பிடிக்கிறது என்று ஆம்ப்ரோஸ் ரூபினியிடம் நியாயம் பேசினார்.

ரூபினிக்கு வேறு பேஜார். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை போய்விட்டது. டிவி சத்தம் மாடி வீட்டுக்காரரைக் கீழே இறக்கிவிட்டது. சைக்கிள் பெல் செத்துப்போச்சு என்று ஆம்ப்ரோஸ் மூன்று பெல் மாற்றினார், மூன்றையும் விடாமல் அடித்து ஓசூர் ரோட்டில் ஜனங்களிடம் திட்டு வாங்கினார். கொசு கடித்துத் தடித்த கையைக் காட்டி, "இப்பல்லாம் கொசுகூடச் சத்தம் போடாம கடிக்குது ரூபி. அதுவும் கள்ளத்தனம் கத்துக்கிச்சு" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காது டாக்டரிடம் போகலாம் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பாள். "எனக்கா? என் காதுக்கா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டாவது ஃப்ரேம் அல்சூர் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடியில் இருந்தது. விற்கிறவர் ராம்கி, ஈரோட்டிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கிறவர், அடுத்த வியாழக்கிழமை ஜெர்மனிக்குக் குடிபோகிறார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. இதை விட்டால் பஸ் பாஸ்தான் என்று ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். ரூபினிக்கும் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், "நானும் வர்றேன். நீங்க சண்டை போட்டுட்டு வந்தா இந்தத் தடவை நான் சும்னே இருக்க மாட்டேன்" என்று அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

கீழ்த்தள பார்க்கிங்கில் ராம்கி ஃப்ரேமைத் துடைத்து வைத்திருந்தார். கரும்பச்சை நிறம். ஆம்ப்ரோஸுக்குப் பார்த்ததுமே நெஞ்சு கொஞ்சம் துள்ளியது, ஆனால் கண்ணை நம்பக்கூடாதே. கயிற்றைப் போட்டு, கூரையில் ஓடிய குழாயின் கொக்கியில் தொங்கவிட்டார். நாணயத்தை எடுத்தார். மேல் குழாயில் ஒரு தட்டு. காதை அருகே கொண்டுபோய் இன்னொரு தட்டு. கீழ்க் குழாய். சீட் குழாய். அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதுவும் மந்தம்" என்றார். "தண்ணி பைப்பு."

"என்னங்க அங்கிள் இப்புடிச் சொல்றீங்க?" என்றார் ராம்கி. "நல்லாக் கேட்டுப் பாருங்க. கணீர்ங்குதுங்களே!"

"தம்பி, நான் முப்பது வருஷம் இரும்போட குடும்பம் நடத்தினவன். எனக்கே கதை சொல்றீங்களா? யார் இதுக்குப் பெயின்ட் அடிச்சது? ஸ்டிக்கர் எங்க ஒட்டினீங்க?"

"நான் எதுவும் ஒட்டலைங்க. வேண்டாமுன்னா விட்டுருங்க, திருடன்னு எல்லாம் சொல்லாதீங்க."

"ஏங்க" என்றாள் ரூபினி. "எனக்குக் கேக்குதுங்க."

"என்ன கேக்குது?"

"பூசையில பீடத்துப் பையன் மணியடிப்பானே, அது மாதிரி கேக்குது. நீங்க தட்டின எல்லாத் தடவையும் கேட்டுச்சு."

"இரும்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒரு மண்ணும் தெரியாது. காது இருக்குல்ல? உங்களுக்கு இருக்கறது அலங்காரத்துக்கா?" அவளுக்கு இரண்டு வருஷத்து ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "கூப்பிட்டாக் கேக்கறதில்ல, போன் அடிச்சாக் கேக்கறதில்ல, குக்கர் விசில் ஏழு போனாலும் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கறீங்க. இந்தப் புள்ளையப் போய்த் திருடன்றீங்களே!"

ஆம்ப்ரோஸுக்கு ரத்தம் ஏறியது. வெளி ஆள் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாளே. சரி, சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். கம்பெனியில் இரண்டு இன்ஸ்பெக்டர்களுக்குள் தகராறு வந்தால் அப்படித்தான் செய்வார்கள்: எது எந்தச் சரக்கு என்று சொல்லாமல் கொடுப்பது, இரண்டு பேரும் தனித்தனியே தீர்ப்புச் சொல்வது. பார்க்கிங் மூலையில் தண்ணீருக்குப் போடுகிற ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று சும்மா கிடந்தது. அதையும் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். ராம்கி ஏதாவது ஒன்றைத் தட்ட வேண்டும். பத்தடி தள்ளித் திரும்பி நிற்கிறவர், ஃப்ரேமா பைப்பா என்று சொல்ல வேண்டும்.

ரூபினி முதலில் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கேட் பக்கம் பார்த்தபடி, "ஃப்ரேம். ஃப்ரேம். பைப்பு. ஃப்ரேம்" என்று வரிசையாகச் சொன்னாள். பத்துக்குப் பத்து. ஆம்ப்ரோஸ் அதை டைரியில் குறித்தபோது பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

பிறகு அவர் போய் நின்றார். காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் இரைந்துகொண்டிருந்தது. மனிதர் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"ஆரம்பிங்க தம்பி" என்றார்.

காத்திருந்தார். யாரோ எங்கேயோ எதையோ கீழே வைத்த மாதிரி ஒரு சத்தம், அதற்குத் தலையை லேசாகத் திருப்பினார். மறுபடியும் காத்திருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் சுறுசுறுப்பு இல்லை என்று எரிச்சலாக வந்தது.

"என்ன தம்பி, தட்டுங்களேன். நாள் முழுக்க இங்கயே நிக்கவா?"

கோபமாகத் திரும்பினார். ராம்கி கையில் நாணயத்தோடு ரூபினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டிட்டேனுங்க அங்கிள்" என்றார் ராம்கி மெதுவாக. பிறகு அதையே சத்தமாகச் சொன்னார். "ஆறு தடவை தட்டிட்டேன். அஞ்சு ஃப்ரேம், ஒண்ணு பைப்பு. பைப்புக்கு மட்டும் தலையைத் திருப்புனீங்க."

ஆம்ப்ரோஸ் நடந்து வந்து ராம்கியின் கையிலிருந்து நாணயத்தை வாங்கிக்கொண்டார். ஃப்ரேமைத் தானே தட்டினார். விரலில் அதிர்வு ஏறியது. குழாய் நடுங்குவது கைக்குத் தெரிந்தது. ரூபினியின் முகத்தைப் பார்த்தார், அவள் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்குக் கேட்டது நாணயம் இரும்பில் பட்ட 'டக்' மட்டும்தான். ஜன்னல் இடுக்கில் செருகி வைத்த மஞ்சள் அடைப்பான்கள் ஞாபகம் வந்தன. அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அங்கே இருந்த சிமென்ட் திட்டில் உட்கார்ந்தார்.

ரூபினி பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தோளில் கை வைத்தாள். ராம்கி மேலே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு ஆம்ப்ரோஸ் எழுந்தார். பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். உறையின் பட்டன் துருப்பிடித்திருந்ததால் இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. சீட்டைத் தாங்கும் கம்பியை உருவி அளந்தார்: இருபத்தேழு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். குழாயின் சுவர் மெலிந்திருந்தால்தான் இவ்வளவு தடியான கம்பி உள்ளே போகும். சீட் குழாய்க்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றினார், தையல் இல்லை. பின்சக்கரம் மாட்டுகிற முனை வெறுமனே வெட்டிய தகடு இல்லை, அடித்துச் செய்த கனமான இரும்பு. கீழ்க் குழாயின் அடியில் நகத்தால் தடவிப் பார்த்தார், எங்கேயும் மோதிச் சுருங்கிய மடிப்பு இல்லை. பையில் கொண்டுவந்திருந்த கொக்கித் தராசில் தொங்கவிட்டார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

"நல்ல இரும்பு" என்றார். "தம்பி, மன்னிச்சுடுங்க. நான் பேசினது தப்பு."

"அட, விடுங்க அங்கிள். எடுத்துட்டுப் போங்க" என்றார் ராம்கி.

ஆட்டோவில் ஃப்ரேமை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிரினிட்டி சர்க்கிள் தாண்டும்போது ரூபினி அவர் காதருகே குனிந்து, "கிடைச்சுடுச்சுல்ல? அப்புறம் என்ன? காதுக்கு மெஷின் வச்சுக்கலாம், இப்ப எத்தனை பேர் வச்சிருக்காங்க" என்றாள். அவர் டைரியை எடுத்துப் புரட்டினார். மந்தம். மந்தம். மந்தம். டீச்சரம்மா வீடு. லண்டன் தாத்தா. ஏழாம் நம்பரில் விரல் நின்றது. சீட் கம்பியை உருவிப் பார்க்காமல், விரலை உள்ளே விடாமல், ஒரே ஒரு நாணயத்தைத் தட்டிவிட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தார்.

விக்டோரியா ரோட்டிலிருந்து தங்கள் தெருவுக்குத் திரும்ப இருந்த ஆட்டோவை நேராகப் போகச் சொன்னார். "மொதலே ஹேளோதல்வா சார்" என்று, முதலிலேயே சொல்லக்கூடாதா என டிரைவர் கன்னடத்தில் சலித்துக்கொண்டு வண்டியை வெட்டித் திருப்பினார்.

ஓஸ்வால்ட் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. பனியனோடு உட்கார்ந்து ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வாம்மா ரூபி. டேய், வாடா. என்ன அதிசயம்!" என்று எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை. ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தார். ஆணி இருந்தது. ஃப்ரேம் இல்லை.

"அண்ணன் வண்டி எங்கடா?"

ஓஸ்வால்ட் ஆணியைத் திரும்பிப் பார்த்தார். "அதுவா? போட்டாச்சு, பழைய இரும்புக்கு. நீ பாத்துட்டுப் போன மறுவாரமே."

"ஏன்டா?"

"ஏன்னா? நீதானே தண்ணி பைப்புன்னே. தண்ணி பைப்ப ஆணி அடிச்சுப் பூமாலை போட்டு வச்சிருந்தேனேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு."

"அதுக்காகவா என்மேல கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கே வராம இருந்தே?"

"உன்மேல எனக்கு என்னடா கோவம்?" ஓஸ்வால்ட் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நீ உள்ளதைச் சொன்னே. கோவம் அவன்மேல. மூணு வருஷம் மஸ்கட்டுல இருந்தான். அம்மா ஆபரேஷனுக்குப் பணம் அனுப்புடான்னு லெட்டர் மேல லெட்டர் போட்டோம். இங்கிலாந்து இரும்பு வாங்கியிருக்கேன், இது சொத்து, வந்து சொல்றேன்னான். சாகற வரைக்கும் அதே கதை. நானும் முட்டாள் மாதிரி நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். எவனோ ஒருத்தன் பைப்ப அவன் தலையில கட்டியிருக்கான், இல்லன்னா அவனே தெரிஞ்சு எங்களுக்கு டூப் விட்டிருக்கான். நீ சொன்ன அன்னிக்கு எனக்கு அவன்மேல வந்த வெறுப்பு இருக்கே..." மிக்ஸி மூடியை எடுத்து எதற்கோ துடைத்தார். "ரெண்டு கல்லறைத் திருநாள் போச்சுடா. நான் அவனுக்கு மெழுகுவத்தி ஏத்தல. யாரையும் பாக்கப் பிடிக்கல, எங்கயும் போகப் பிடிக்கல."

இதில் பாதி ஆம்ப்ரோஸின் காதுக்கு எட்டியது, மீதியை ஓஸ்வால்டின் முகத்தில் பார்த்துக்கொண்டார். கரும்பச்சை ஃப்ரேம் கையில் கனத்தது, இரண்டு கிலோதான் என்றாலும் கனத்தது. ரூபினி ஏதாவது சொல்வாளா என்று பார்த்தார். இதை அவர்தான் சொல்லியாக வேண்டும்.

"ஓஸி, என் காது போச்சுடா" என்றார். "எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியல. இன்னிக்கு இவ முன்னாடி சோதனை பண்ணிப் பாத்தோம். கணீர்னு அடிக்கறது எனக்கு விழறதே இல்ல. அண்ணன் வண்டியில எனக்குச் சத்தம் கேக்கலன்னா, அதுக்கு வண்டி என்னடா பண்ணும்? நான் வெர்னியரைக்கூட எடுத்துப் பாக்கல. நான் சொன்னது தீர்ப்பே இல்லடா."

ஓஸ்வால்ட் கையை நீட்டினார். ஆம்ப்ரோஸ் நாணயத்தைக் கொடுத்தார். ஓஸ்வால்ட் பச்சை ஃப்ரேமை ஒரு கையால் தொங்கப் பிடித்து மேல் குழாயில் தட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் தட்டினார். ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்ததெல்லாம் நாணயம் போய்ப் பட்டதும், நண்பரின் உதடு நடுங்கியதும்தான்.

"இதே சத்தம்டா" என்றார் ஓஸ்வால்ட். ஆம்ப்ரோஸுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னார். "அன்னிக்கு நீ தட்டினப்ப எனக்கு இதே சத்தம்தான் கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு. நீ மந்தம்னே. உன் காதாச்சே, எனக்குத்தான் சரியாக் கேக்கலபோலன்னு நெனச்சு விட்டுட்டேன்."

மிக்ஸி துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஓஸ்வால்ட் உள்ளே போனார். திரும்பி வரும்போது சட்டை போட்டிருந்தார், கையில் ஒரு மெழுகுவத்திப் பாக்கெட் இருந்தது.

"கல்லறைத் தோட்டம் இன்னும் சாத்தியிருக்க மாட்டாங்க. வா. நீயே வந்து அவன்கிட்டச் சொல்லு" என்றார். வாசல்படியில் நின்று திரும்பி, "கத்த வேணாம். அவனுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

ஆம்ப்ரோஸ் பச்சை ஃப்ரேமைத் தூக்கி அந்த ஆணியில் மாட்டினார். அது ஆடி நிற்கிற வரைக்கும் பிடித்திருந்துவிட்டு, வலிக்கிற முழங்காலோடு ஓஸ்வால்டின் பின்னால் நடந்தார்.